தானாகச் செய்வார்

அலுவலகத்தில் எனக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். நேரே யாரும் கூப்பிட மாட்டார்கள். டீ எடுக்கப் போகும்போது முதுகுக்குப் பின்னால் காதில் விழும். வயசானவர்களின் வீட்டுக்குப் போய், அவர்களால் எது முடிகிறது, எது முடியவில்லை என்று பார்த்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பராமரிப்பாளரை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

இதற்கென்று ஒரு படிவம் உண்டு. கட்டிலிலிருந்து எழுவது, நடப்பது, குளிப்பது, உடுத்துவது, மாத்திரை எடுத்துக்கொள்வது என்று பதினோரு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் மூன்று கட்டம். தானாகச் செய்வார். துணையோடு செய்வார். செய்ய முடியாது. எதில் டிக் அடிக்கிறேனோ அதை வைத்து மணிக்கணக்கு வரும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் வயசானவர்கள் பொய் சொல்வார்கள். பாதிப் பேர் வெட்கத்தில், மீதிப் பேர் வீம்பில். மூன்று வருஷமாகக் குளியலறைக்குத் தனியாகப் போகாத ஆள், “நேத்துகூட நானே துணி துவைச்சேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் மேலாளர் சொன்னார், “அவங்க சொல்றதை அப்படியே எழுதுறதுக்கு நீ எதுக்கு? ஒரு டேப் ரிக்கார்டர் போதுமே.” அதனால் போனதும் குடிக்கத் தண்ணீர் கேட்பேன், யார் எழுந்து போகிறார்கள் என்று பார்க்க. சட்டைப் பொத்தானைப் பார்ப்பேன். பல் துலக்கும் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். சுவரில் இடுப்பு உயரத்தில் கை அழுக்குப் படிந்திருந்தால் அங்கே ஒருவர் பிடித்துப் பிடித்து நடக்கிறார் என்று அர்த்தம். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அளவுகோல் என்ற பெயரே வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேலாளர் என் மேஜையில் நாலு கோப்புகளை வைத்துவிட்டுப் போனார். மூன்றாவதில் இருந்த பெயரை வாசித்ததும் காதுமடல் சூடாகிவிட்டது. ஓய்வுபெற்ற டாக்டர், வயது எண்பத்து மூன்று, மனைவியுடன் வசிக்கிறார். மனு போட்டவர் மனைவி.

தெரிந்தவர் வீடு என்றால் கோப்பை வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும். அது விதி. ஒரு வரி எழுதினால் போதும். நான் எழுதவில்லை.

எனக்கு அப்போது பதினாலு வயசு. அப்பா டயர் தொழிற்சாலையில் சுமை ஏற்றும் பிரிவில் இருந்தார். ரப்பர் கட்டு ஒன்று மேலிருந்து சரிந்து அவர் இடுப்பில் விழுந்தது. இருபது நாள் படுத்துக் கிடந்தார். மறுபடி வேலைக்குப் போகலாமா, கூடாதா என்று சொல்ல வேண்டியவர் தொழிற்சாலை டாக்டர். அப்பாவுக்குச் சாய்ந்து நடக்க ஒரு தோள் வேண்டியிருந்ததால் நான் கூடப் போனேன்.

“என்னால முடியலைங்க, டாக்டர்” என்றார் அப்பா.

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் தரையில் போட்டார். “அதை எடுங்க” என்றார். பெரிய மனிதர்கள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அப்பாவுக்குத் தெரியாது. மேஜை விளிம்பைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, குனிந்து எடுத்தார். நிமிர்ந்தபோது இரண்டு கண்ணிலும் தண்ணீர் நின்றது.

“குனிய முடியுதே” என்றார் டாக்டர். ‘வேலைக்குத் தகுதியானவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி போனோம். அப்பா அதே வார்த்தையைச் சொன்னார். டாக்டரும் அதையேதான் எழுதினார். அதற்கு அப்புறம் அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டது. ஒன்பது வருஷம் கட்டிலில் கிடந்து செத்தார். புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டதும், துடைத்ததும், ஊட்டியதும் அம்மாவும் நானும்தான். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று எங்கள் வீட்டுக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அதனால்தான் நீ இந்த வேலைக்கு வந்தாயா என்று கேட்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. வேலை கிடைத்தது, சேர்ந்தேன்.

டாக்டரின் வீட்டுக்கு இரும்புக் கேட், மூன்று படி. படியின் ஓரத்தில் பலகை வைத்துச் சரிவு போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. சின்ன உடம்பு, முழுக்கை ரவிக்கை. வெயில் கொளுத்துகிற நாளில் முழுக்கை. அதையும் கவனித்தேன்.

டாக்டர் கை வைத்த நாற்காலியில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றியிருந்தாலும் குரல் வற்றவில்லை.

“உட்காரும்மா. என்ன கேக்கணுமோ கேளு, சீக்கிரம் முடிச்சிடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல. இவதான் பயந்துக்கிட்டு மனு போட்டிருக்கா.”

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றைக்கே நிமிர்ந்து பார்க்காத ஆள்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா, டாக்டர்?”

“ஏய், தண்ணி கொண்டா.”

மனைவி போனார். நான் படிவத்தை எடுத்தேன்.

“காலையில கட்டில்ல இருந்து நீங்களே எழுந்துப்பீங்களா?”

“பின்ன? இவளா தூக்குவா? இவளைத் தூக்கவே ஒரு ஆள் வேணும்.” அவரே சிரித்துக்கொண்டார்.

தண்ணீரோடு வந்த மனைவி, நாற்காலிக்குப் பின்னால் நின்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினார். இரண்டு கையாலும் தூக்குகிற மாதிரி செய்து காட்டினார். நான் அவரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ‘தானாகச் செய்வார்’ கட்டத்தில் டிக் அடித்தேன்.

“குளிக்கிறது?”

“நானேதான்.”

குளியலறையைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனேன். துண்டு போடும் கம்பி ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. வழுக்கும் தரை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சுவர் முழுக்கக் கை அழுக்கு. துண்டு எடுத்துக் கொடுக்க வந்த மனைவியின் ரவிக்கைக் கை மேலே ஏறியது. முன்கையில் நாலு நீலத் தடம் வரிசையாக, அந்தப் பக்கம் கட்டை விரலுக்கு ஒன்று. பிடித்துத் தொங்கி எழுந்திருக்கிறவரின் விரல்கள் அவை. வாரத்துக்கு ஒரு வீட்டிலாவது அதைப் பார்க்கிறவள் நான். அப்படியும் திரும்பிப் போய் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அன்றைக்கு நான் டேப் ரிக்கார்டர்.

பதினோரு வரியிலும் தானாகச் செய்வார். வாசித்துக் காட்டினேன். “கரெக்ட்” என்று கையெழுத்துப் போட்டார். அதே கையெழுத்து, கொஞ்சம் நடுக்கத்தோடு.

கேட் வரை மனைவி கூடவே ஓடி வந்தார்.

“அம்மா, ஒரு நிமிஷம். அவங்க சொன்னதை அப்படியே எழுதிடாதீங்க. எல்லாம் வறட்டு ஜம்பம். காலையில நான்தான் தூக்கி உட்கார வைக்கிறேன். எனக்கும் எழுபத்தாறு ஆகுது.”

“டாக்டரே முடியும்னு கையெழுத்துப் போட்டுட்டாங்களேம்மா.”

“நீங்க பார்த்தீங்கல்ல? உங்களுக்குத் தெரியாதா?”

“நான் என்ன பண்றது?” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்றாத அறிக்கை அது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

“ஆளு எப்படி இருக்கான்?”

“உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியல.”

“நல்லா பார்த்தியா?”

“நல்லா பார்த்தேன்.”

“பொண்டாட்டி பார்த்துக்கறாளா?”

“அந்தம்மாதான் தூக்குறாங்க.”

அம்மா அன்றைக்கு இன்னொரு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பத்து நாளில் ‘உதவி தேவைப்படவில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்’ என்று அலுவலகத்திலிருந்து கடிதம் போனது.

ஐந்து வாரம் கழித்து அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் எங்கள் கவுண்டர் முன்னால் வந்து நின்றாள். டாக்டரின் மகள். வேறு ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருந்தாள், தலைகூட வாரவில்லை.

“இதை எழுதின புண்ணியவதி யாரு?”

கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் குளியலறையில் வழுக்கியிருக்கிறார். விழுகிறவர் மனைவியின் கையைப் பிடித்திருக்கிறார். மனைவியின் மேலேயே விழுந்ததால் டாக்டருக்கு ஒரு கீறல் இல்லை. மனைவிக்கு மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்து, விலா எலும்பிலும் விரிசல். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரமும் அந்தம்மா அவருக்கு அடியிலேயே கிடந்திருக்கிறார்.

மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். படிவம் அவர் முன்னால் இருந்தது.

“பதினோரு வரியும் தானாகவா? எண்பத்து மூணு வயசு ஆளுக்கா? அளவுகோல், உனக்கு என்ன ஆச்சு?” முதல் தடவையாக அந்தப் பெயரை நேரே சொன்னார். “மறு மதிப்பீட்டுக்கு வேற யாரையாச்சும் அனுப்பட்டுமா?”

“வேண்டாம் சார். நானே போறேன்.”

போகிற வழியெல்லாம் அந்த ஒரு மணி நேரம்தான் மனசில் ஓடியது. அந்தம்மா எனக்கு என்ன கெடுதல் செய்தார்? வெட்கமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் இந்த வெட்கத்துக்கும் அந்த ஆள்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

மனைவி பக்கத்து அறையில், கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். கதவு திறந்திருந்தது. டாக்டர் அதே நாற்காலியில். சட்டையில் இஸ்திரி இல்லை, பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. மகள் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“கட்டில்ல இருந்து எழுந்திருக்க முடியுமா, டாக்டர்?”

“முடியும். அன்னிக்கு ஏதோ வழுக்கிடுச்சு.”

“சரி, நாற்காலியில இருந்தே எழுந்து காட்டுங்க.”

கையை ஊன்றினார். தோள் நடுங்கியது. பாதி எழுந்தார், விழுந்தார். மறுபடி ஊன்றினார். மகள் பிடிக்க வந்தாள். “தொடாதீங்க, நான் பார்க்கணும்” என்றேன். மூன்றாவது தடவை அவர் கையை ஊன்றவே இல்லை.

“முடியுமா, முடியாதா?”

“பார்க்கிறியே.”

“நான் பார்க்கிறது இருக்கட்டும். நீங்க வாயைத் திறந்து சொல்லணும்.”

“பார்த்தா எழுதிக்கலாம்தானே? அவர் சொல்லணுமா?” என்றாள் மகள்.

“சொல்லணும்” என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது.

“முடியாது” என்றார் டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு.

எழுதினேன். அடுத்தது. குளிக்க? முடியாது. உடுத்த? கொஞ்சம் முடியும் என்றார். மேல் பொத்தானைக் கழற்றிப் போடச் சொன்னேன். விரல் பொத்தானைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் காத்திருந்தேன், அவசரமே படவில்லை. முடியாது என்றார். படி ஏற? மாத்திரையை எண்ணி எடுக்க? ஒவ்வொன்றாக வாங்கினேன். ஏழாவது வரியில் அவர் குரல் உடைந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. எட்டாவது வரிக்குப் பிறகு அவர் நிமிர்ந்து, முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார்.

“நீ யாரும்மா?”

சொன்னேன். தொழிற்சாலையின் பெயர், அப்பாவின் பெயர், வருஷம், பேனா மூடி. அவர் யோசித்தார். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார், அது முகத்தில் தெரிந்தது. அப்புறம் தலையை ஆட்டினார்.

“ஞாபகம் இல்ல. பேனா மூடி நான் எல்லாருக்கும் வைக்கிற டெஸ்ட். வர்றவன் எல்லாம் முடியாதுன்னுதான் சொல்லுவான். எல்லாரையும் நம்பினா ஆலை ஓடுமா?”

முப்பத்தேழு வருஷமாக நான் மனசுக்குள் இந்த ஆளோடு சண்டை போட்டிருக்கிறேன். இந்தப் பதிலை மட்டும் யோசித்து வைக்கவில்லை. எங்கள் வீட்டையே புரட்டிப் போட்ட அந்த நாள் அவருக்கு ஒரு நாளே இல்லை.

“இன்னும் மூணு வரி இருக்கு, டாக்டர்” என்றேன்.

மூன்றையும் சொன்னார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

“இங்க வாங்க” என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“எல்லாம் கேட்டுச்சு. உங்க அப்பா யாருன்னு எனக்கும் தெரியல. அப்போ நிறைய பேர் வருவாங்க. கேட்டுக்கு வெளியில நின்னு கும்பிடுவாங்க. நான் திரையை இழுத்து விட்டுட்டு உள்ள போயிடுவேன்.” கொஞ்ச நேரம் மாவுக்கட்டைப் பார்த்தார். “அன்னிக்கு என் கையைப் பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன்மா.”

“தெரிஞ்சேதானே எழுதினீங்க?”

“தெரிஞ்சேதான்.”

“அவங்களோட உங்களுக்கு என்ன வழக்கோ, அது உங்க பாடு. ஆனா உடைஞ்சது என் கை. உங்க மேல புகார் கொடுக்கப் போறேன். மன்னிப்பு மட்டும் கேட்காதீங்க. கேட்டா எனக்கு மனசு இளகிடும்.”

“கேட்கலம்மா.”

“அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வேலை வாங்கணும். வீட்டுல பார்த்துக்கறவங்களுக்கு ஓய்வு கொடுக்கறதுக்காக, நோயாளியைக் கொஞ்ச நாள் கொண்டுபோய் வச்சுப் பார்த்துக்கற இல்லம் இருக்காமே? நர்ஸ் சொன்னாங்க. எத்தனை நாள் வைப்பாங்க?”

“பதினாலு நாள்.”

“எழுதுங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டருக்கு அது கேட்டுவிட்டது. “நான் எங்கயும் போக மாட்டேன்! இது என் வீடு!”

“உங்க வீடுதாங்க” என்றார் மனைவி, குரலை உயர்த்தாமல். “பதினாலு நாள் கழிச்சு வாங்க. இங்கயேதான் இருக்கும்.”

“நீ இல்லாம எனக்கு அங்க யாரு இருக்கா?”

“ஐம்பத்து மூணு வருஷமா நான் ஒரு நாள்கூட உங்களை விட்டுட்டு எங்கயும் போகல. எங்க அம்மா செத்தப்போகூட, தூக்கின உடனே திரும்பி வரச் சொன்னீங்க. வந்தேன். இப்போ நீங்க போயிட்டு வாங்க.”

நான் படிவத்தோடு வெளியே வந்தபோது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமான விரல்கள்.

“நீ சொன்னா கேப்பாங்கம்மா. அனுப்ப வேண்டாம்னு எழுதிடு.”

“முடியாது, டாக்டர்” என்றேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவர் மடியில் வைத்தேன்.

மறுநாளே வண்டி வந்து அவரை அழைத்துப் போனது. அந்தம்மா முதல் இரண்டு நாளும் தூங்கிக்கொண்டே இருந்ததாக மகள் சொன்னாள். மூன்றாவது நாள் காலையில் எழுந்ததும், யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டாராம். இல்லை என்றதும் மறுபடி படுத்துவிட்டாராம். டாக்டர் திரும்பியபோது வாரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஒரு பராமரிப்பாளரும், குளியலறையில் இரண்டு பிடிகம்பிகளும் தயாராக இருந்தன.

புகாரும் வந்தது. இடது கையால் எழுதிய இரண்டு பக்கம், சுற்றி வளைக்காமல் நடந்ததை நடந்தபடி. விசாரணையில் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். தெரிந்தவர் என்று ஏன் சொல்லவில்லை என்றார்கள். சொன்னால் வேறு யாரையாவது அனுப்பியிருப்பீர்கள் என்றேன். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு வீடுகளுக்குப் போகக் கூடாது, தொலைபேசி மேஜையில் உட்கார வேண்டும் என்று உத்தரவானது. வேலை போகாததே பெரிசு.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணிக்கட்டு முறிந்ததைச் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது. “அது வேண்டாத வேலை” என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

“அவன் வாயால சொன்னானா?”

“பதினோரு தடவை.”

“உங்க அப்பா ரெண்டு தடவைதான் சொன்னாரு” என்றாள் அம்மா.

தொலைபேசி மேஜையில் இப்போது எட்டாவது மாதம் ஓடுகிறது. நாளெல்லாம் அழைப்பு. பராமரிப்பாளர் வரவில்லை, சக்கர நாற்காலி பழுது, மாமனார் மாத்திரையைத் துப்புகிறார். போன வாரம் ஒரு குரல் கேட்டது. சொல்லாமலே தெரிந்தது.

“அவரை மறுபடி இல்லத்துல விடணும். பேசறது யாரு?”

“நான்தாம்மா.”

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“இந்தத் தடவை இருபத்தோரு நாள் வேணும்” என்றார்.

“விதியில பதினாலு நாள்தாம்மா இருக்கு.”

“விதியைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லாதீங்க.”

“கை எப்படி இருக்கும்மா?”

“மழைக்கு வலிக்குது. எழுதுங்க, இருபத்தோரு நாள்.”

எழுதினேன். என்ன காரணம் என்று படிவத்தில் ஒரு வரி உண்டு. மனைவிக்கு மணிக்கட்டு முறிவு, முழுமையாகக் குணமாகவில்லை என்று போட்டேன். யாரால் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. மேலாளரிடம் நானே எடுத்துப் போய், விதிவிலக்காகக் கையெழுத்து வாங்கி வந்து, அந்தம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“சரி” என்றார். நன்றி என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.